மேசைப்பந்தாட்ட முழுமரப் பலகை

மேசைப்பந்தாட்ட மட்டையில் இரப்பர் ஒட்டப்படுவதற்கு அடித்தளமாக அமையும் மரப்பகுதி பலகை எனப்படும். கார்பன் இழை, கண்ணாடி இழை முதலியன சேராமல் மரத்தகடுகளை மட்டும் கொண்டு செய்யப்படுவது முழுமரப் பலகை ஆகும். இரப்பர் தேய்ந்தவுடன் மாற்றப்படுகின்றது. பலகையோ பல ஆண்டுகள் நிலைக்கின்றது. ஆதலால் பலகைத் தேர்வு ஒருவரின் ஆட்டமுறையை நெடுங்காலம் பாதிக்கக்கூடியது.

விதிமுறை

பன்னாட்டு மேசைப்பந்தாட்டக் கூட்டமைப்பின் விதிகளின்படி மட்டை எந்த அளவிலும், வடிவிலும், எடையிலும் இருக்கலாம். ஆனால் பலகை தட்டையாகவும் விறைப்பாகவும் இருத்தல் வேண்டும். அதன் தடிப்பில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருக்க வேண்டும். ஒட்டுப்படையை இழைப்பொருளால் வலுப்படுத்தலாம். எனினும் அப்படை மொத்தத் தடிப்பில் 7.5 விழுக்காடு, 0.35 மி.மீ. ஆகிய இரண்டில் சிறியதை மிஞ்சக்கூடாது. எனவே கார்பன் பலகை எனப்படுவதும் பெரும்பகுதி மரமே.

அமைப்பு

முழுமரப் பலகைகள் பெரும்பாலும் 5 அல்லது 7 தகடுகள் கொண்டவை. நடுவில் தடித்த, எடை குறைந்த உள்ளகமும் அதன் இருபுறமும் மெல்லிய தகடுகளும் இருக்கும். அடுத்தடுத்த தகடுகளின் இழையோட்டம் பொதுவாக ஒன்றுக்கொன்று குறுக்காக அமைவதால் பலகை எளிதில் பிளவுபடாது. இருபுறமும் சமச்சீராக இருப்பதால் வளைந்து கோணுவதும் குறைகின்றது.

பலகையின் விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப உயர்கின்றது. ஒரே மர அமைப்பில் தடிப்பு 10 விழுக்காடு கூடினால் விறைப்பு ஏறத்தாழ 33 விழுக்காடு கூடும். எனவே அரை மில்லிமீட்டர் வேறுபாடும் ஆட்டத்தில் உணரப்படும்.

மர வகைகள்

* லிம்பா: மேற்கு ஆப்பிரிக்க மரம்; மருத மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. வெளித்தகடாகப் பயன்படும்போது மென்மையான தொடுவுணர்வைத் தருகின்றது.
* கோட்டோ: லிம்பாவை விடக் கடினமான வெளித்தகடு, பந்து விரைவாக விலகும்.
* அயூஸ்: எடை குறைந்த ஆப்பிரிக்க மரம், உள்ளகமாகப் பெரிதும் பயன்படுகின்றது.
* பால்சா: மிக இலேசான மரம், இலவ மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது.
* இனோக்கி: சப்பானிய ஊசியிலை மரம். எழுதுகோல் பிடி மட்டைகளில் ஏறத்தாழ 9 முதல் 10 மி.மீ. தடிப்புள்ள ஒற்றைத் தகடாகவும் பயன்படுகின்றது.

தேர்வு செய்தல்

தொடக்கநிலை ஆட்டக்காரருக்கு 'ஆல்' எனக் குறிக்கப்படும், ஏறத்தாழ 80 முதல் 90 கிராம் எடையுள்ள 5 தகட்டுப் பலகை பொருத்தமானது. விரைவு மிகுந்த பலகையில் பந்து மேசைக்கு வெளியே செல்லும் என்ற அச்சத்தால், பழகுபவர் கைவீச்சை முழுமையாகச் செய்யாமல் இடையில் நிறுத்திவிடுவார். அப்பழக்கத்தைப் பின்னர் மாற்றுவது கடினம். மிதமான பலகையோ முழு வீச்சுக்கும் இடமளிக்கின்றது. அடி பிழைத்தது என்பதும் அதிர்வின் மூலம் கைக்குத் தெரிகின்றது.

மேற்சுழற்சியை நம்பி ஆடுவோர் சற்று வளையும் 5 தகட்டுப் பலகையையும், மேசைக்கு அருகில் நின்று தட்டையாக அடிப்போர் விறைப்பான 7 தகட்டுப் பலகையையும் விரும்புவர். தற்காப்பு ஆட்டக்காரர் 'டெஃப்' என்னும் மெதுவான பலகைகளை நாடுவர்.

'டெஃப்', 'ஆல்', 'ஆஃப்' என்னும் விரைவுக் குறிகளுக்குப் பொது அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் 'ஆல்' மற்றொன்றின் 'ஆஃப்' பலகைக்கு ஒப்பாக இருக்கக்கூடும். ஒரே பெயருள்ள பலகைகளும் எடையில் சில கிராம்கள் வேறுபடும். ஆகவே இயன்றவரை கையில் பிடித்து, எடையறிந்து வாங்குதல் நன்று.

உயர்நிலை ஆட்டத்தில்

2000இல் பந்தின் விட்டம் 38 மி.மீ.யிலிருந்து 40 மி.மீ. ஆக்கப்பட்டது, 2014 முதல் செல்லுலாய்டுக்குப் பதில் பிளாத்திக்குப் பந்து அறிமுகமானது. இவற்றால் விரைவும் சுழற்சியும் குறைந்தமையால் முன்னணித் தாக்குதல் வீரர் பலர் இழை சேர்ந்த பலகைகளைப் பயன்படுத்துகின்றனர். எனினும் 2004 ஏதென்சு ஒலிம்பிக்கில் ஆடவர் ஒற்றையர் தங்கம் வென்ற தென்கொரியாவின் ரியூ சியூங் மின், இனோக்கி ஒற்றைத் தகட்டு மட்டையால் ஆடியவர். 2003 பாரிசு உலகப்போட்டியில் இரண்டாமிடம் பெற்ற தற்காப்பு வீரர் சூ சே இயுக்கின் பெயரில் பட்டர்பிளை நிறுவனம் வெளியிட்ட பலகையும் 5 தகட்டு முழுமரப் பலகையே.

பராமரிப்பு

மரம் ஈரத்தை உறிஞ்சுவதால் பலகையை உலர்ந்த இடத்தில் உறையிட்டு வைத்தல் வேண்டும். இரப்பரை உரிக்கும்போது லிம்பா போன்ற மென்மரத்தின் இழைகள் பெயரக்கூடும். இதனைத் தவிர்க்க மிக மெல்லிய வார்னிசுப் பூச்சு இடப்படுகின்றது. பூச்சு தடித்தால் தொடுவுணர்வு மாறிவிடும்.

இவற்றையும் பார்க்க

* மேசைப்பந்தாட்டம்
* ஒட்டுப்பலகை