கப்பல் தலைவரின் உயரம் எங்கே போயிற்று?

கடலூர்த் துறைமுகத்தில் உரமேறிய உடம்புள்ள மாலுமிகளைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கக் கப்பல் தலைவர் சார்லஸ் மார்ட்டெலும் அப்படிப்பட்டவரே. ஆறடிக்கு மேல் உயரம். சில ஆண்டுகளில் ஏழு அங்குலம் குறைந்துபோனார்! எலும்புகள் அடிக்கடி முறிந்தன.

எலும்பு சுண்ணாம்புச் சுவர் என்றே சிதம்பரத்தில் என் மாணவர்கள் நினைக்கிறார்கள். அது சுவரல்ல, குதிர். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சுமார் 10 மில்லிகிராம் கால்சியம் இருக்க வேண்டும். குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது கழுத்திலுள்ள, பயறளவான இணைத்தைராய்டுச் சுரப்பிகள். (ரிச்சர்ட் ஓவன் இதனை முதலில் கண்டது, 1849-இல் இலண்டனில் இறந்த நம் நாட்டுக் காண்டாமிருகத்தில்!) சுரப்பியில் கட்டி தோன்றினால் குதிர் காலியாகும்.

வியன்னாவில் 1925-இல் மாண்டல் என்ற மருத்துவர் இத்தகைய கட்டியை அகற்றிக் காட்டினார். மார்ட்டெலுக்கோ 1926 முதல் ஆறு முறை கழுத்தைத் திறந்தும் கட்டி அகப்படவில்லை. உடற்கூறு நூல்களைத் தாமே படித்த அவர், மார்பில் தேடச் சொன்னாராம். 1932-இல், ஏழாம் முறை, பாஸ்டனில் மார்புக்குள் கிடைத்தது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். பட்டினி கிடந்த எலும்புகள் இரத்தத்துக் கால்சியத்தை உறிஞ்சின; தசைகள் இழுத்துக்கொண்டன. இன்று கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்து இதைச் சமாளிக்கிறார்கள். மார்ட்டெலின் சிறுநீரகங்களோ முன்பே கெட்டிருந்தன. கல் அடைத்து, ஆறு வாரங்களில் இறந்தார்.