கொதிகலன் கம்பெனிக்குப் போன பேராசிரியர்

ஓ/எல் விஞ்ஞானத்தில் ‘கழியொலி’ என்று ஒன்றைப் பாடமாக்கினோம். மனிதக் காதுக்குக் கேட்பது சுமார் 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை. அதுக்கு மேல போனா கழியொலி. பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். கலைப்பீடத்துக்கு வந்த எங்களுக்கு அது திரும்ப ஞாபகம் வந்தது, கஹவத்தைப் பக்கத் தோட்டமொன்றில் சித்தி ஒருவர் தன் ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டியபோதுதான்.

வயிற்று ஸ்கேனுக்குப் பாவிக்கும் மீடிறன் பெரும்பாலும் 2 முதல் 5 மெகாஹேர்ட்ஸ். செக்கனுக்கு 20 முதல் 50 இலட்சம் அதிர்வுகள்! மீடிறன் கூடினால் படம் துல்லியமாகும், ஆனால் ஒலி ஆழமாகப் போகாது. தோலுக்குக் கிட்ட இருக்கும் தைரொயிட்டுக்குக் கூடிய மீடிறன், வயிற்றுப் பிள்ளைக்குக் குறைந்தது.

இந்த வித்தை ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை. முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேட, பிரான்சின் போல் லாஞ்செவின் கழியொலியைத் தண்ணீருக்குள் அனுப்பிப் பார்த்தார். பிறகு உலோகத்துக்குள் மறைந்த வெடிப்பைக் கண்டுபிடிக்கத் தொழிற்சாலைகள் அதை எடுத்துக்கொண்டன. 1955இல் கிளாஸ்கோவின் மகப்பேற்றுப் பேராசிரியர் இயன் டொனால்ட், வெட்டியெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாப்கொக் அன்ட் வில்கொக்ஸ் கொதிகலன் கம்பெனிக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் அங்கே தயாராக இருந்ததாம். நீர்க்கட்டிக்கு ஒரு மாதிரி எதிரொலி, தசைக்கட்டிக்கு வேற மாதிரி.

பிறகு டொம் பிரவுன் என்ற எஞ்சினியர் வந்து சேர்ந்தார். கிட்டத்தட்ட நம்ம வயசு. வைத்தியர் பெயரை மட்டும் சொல்லி இந்தக் கதையை முடிப்பது எங்களுக்குப் பிடிக்கவில்லை. இயந்திரத்தைக் கட்டியவர் இவர். இருவரும் ஜோன் மக்விக்கரும் 1958இல் ‘லான்செட்’டில் எழுதினார்கள். புற்றுநோய், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது வெறும் நீர்க்கட்டி என்று ஸ்கேன் காட்டியது. அதை எடுத்தார்கள், அவர் பிழைத்தார்.

நம்ம பாட்டிமார் காலத்தில் மருத்துவிச்சி வயிற்றில் குழலை வைத்துக் காது கொடுத்துக் கேட்டதுதான். அதுவும் ஒலிதான், காதுக்கு எட்டும் ஒலி. கேட்டதை அந்த இடத்திலேயே தமிழில் சொல்லிவிடுவார்.

சித்தி ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி ஸ்கேனுக்குப் போய் வந்திருந்தார். திரை அவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை. ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம்.

“புள்ள நல்லா இருக்குன்னு எழுதியிருக்கா?”

‘பிரீச்’ என்ற சொல்லில் நின்றுவிட்டோம். போனில் தேடினோம். தலை மேலே இருக்கிறது, பிள்ளை இன்னும் திரும்பவில்லை. எட்டாம் மாசம். லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, அதை அவருக்கு முதன்முதலாகச் சொன்னது நாங்கள்தான்.