ஆசிரியர்களின் நாற்றங்கால்

"வக்கற்றவன் வாத்தியார் வேலைக்கு, போக்கற்றவன் போலீசு வேலைக்கு" என்னும் வழக்கு நம் ஊர்த் திண்ணைகளில் நெடுங்காலமாக உலவி வருகிறது. வாக்குக் கற்றவனுக்கே வாத்தியார் வேலை என்பதுதான் அதன் மூலவடிவம் என்று விளக்குவோரும் உண்டு. மூலம் எதுவாயினும், வேறு வழியில்லாதவர் வந்து ஒதுங்கும் இடமே பள்ளிக்கூடம் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக அகலவில்லை. அந்த எண்ணத்தை மாற்றுவதற்காகத் தம் பதவியையும் செல்வத்தையும் துறந்த ஒரு குருவின் வரலாற்றை இங்கே நினைவுகூர விழைகிறோம். ஆசிரியப் பணியின் பாதுகாவலரான புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் அவர்களே அவர்.

17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் ஊர்ப்புறப் பள்ளி ஆசிரியரின் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. பல ஊர்களில் அவரே கோவில் மணி அடிப்பார், வழிபாட்டில் பாடுவார், மீந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பார். ஒவ்வொரு பிள்ளையாக அருகில் அழைத்துப் பாடம் கேட்பதே அன்றைய முறை. மற்றப் பிள்ளைகள் அதுவரை வாளாவிருப்பர். வாசிப்பையும் முதலில் இலத்தீன் மொழியிலேயே தொடங்கினர். ஏழைச் சிறுவனோ, பொருள் விளங்காத அம்மொழியின் எழுத்துகளைக் கூட்டி வாசிக்கப் பழகுமுன்பே கூலி வேலைக்குப் போய்விடுவான்.

தெ லா சால் 1651இல் ரேம்சு நகரின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பதினாறு வயது நிறையுமுன்பே, 1667இல், பேராலயக் குருகுழுவின் உறுப்பினராக்கப்பட்டார். பாரிசு நகரின் புனித சுல்பீசியார் குருமடத்தில் பயின்றார். 1678இல் குருவானார். மறு ஆண்டு, ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி தொடங்கும் நோக்கத்தோடு அத்ரியன் நியேல் என்ற பொதுநிலையினர் ரேம்சுக்கு வந்தார். அவருக்குச் சிறிது துணைபுரியலாம் என்பதே தெ லா சாலின் முதல் எண்ணம். பள்ளிகள் பெருகின, ஆனால் ஆசிரியர்கள் தகுதியற்றவர்களாய் இருந்தனர். தொடக்கத்தில் அவர்களைத் தம் பணியாளைவிடத் தாழ்ந்தவர்களாகவே தாம் கருதியதாகப் பின்னாளில் அவரே எழுதி வைத்தார்.

ஆயினும் 1681இல் அவர்களைத் தம் இல்லத்திற்கே அழைத்து வந்து தங்கவைத்தார். உறவினர் சினந்தனர், உடன் தங்கியிருந்த தம்பியரைப் பிரித்துக்கொண்டு போயினர். ஆசிரியர்களிலும் பலர், ஒழுங்கு நிறைந்த அந்த வாழ்வைத் தாங்காது விலகிச் சென்றனர். நிலைத்து நின்றவர்களையோ எதிர்காலத்தைப் பற்றிய அச்சம் வாட்டியது. இறைவனின் பராமரிப்பை நம்புங்கள் என்று அவர் அறிவுறுத்தினார். அவர்களோ, உமக்குச் சொத்து உண்டு, பதவி உண்டு, அதனால் எளிதாகப் பேசுகிறீர். பள்ளிகள் விழுந்துவிட்டால் நாங்கள் தெருவில் நிற்போம் என்ற கருத்துப்பட மறுமொழி கூறினர்.

இம்மறுமொழியை அவர் அவமதிப்பாகக் கொள்ளவில்லை. அதிலிருந்த உண்மையைக் கண்டார். 1683இல் பேராலயப் பதவியைத் துறந்தார். அதைத் தம் சொந்தத் தம்பிக்கு அளிக்குமாறு பலரும் வற்புறுத்தியும், ஏழைக் குரு ஒருவருக்கே விட்டுக்கொடுத்தார். அதை அடுத்து வந்த கொடும் பஞ்சத்தில் தம் செல்வத்தை அப்பமாக்கி ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். அதன்பின் அவர் பேசியதை ஆசிரியர்கள் கேட்டனர். ஏனெனில் அவரும் அவர்களைப் போலவே நாளைய உணவுக்கு வகையறியாதவராகியிருந்தார்.

சிற்றூர்ப் பங்குக்குருக்கள் தங்களுக்கும் ஆசிரியர் வேண்டுமெனக் கேட்டு வந்தனர். சகோதரர் ஒருவரைத் தனியே அனுப்புவதில்லை என்பது அவர் கொண்டிருந்த விதி. எனவே, உங்கள் ஊர் இளைஞரை அனுப்புங்கள், பயிற்றுவித்துத் திருப்பி அனுப்புகிறோம் என்றார். இவ்வாறு 1685ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரேம்சில் ஊர்ப்புற ஆசிரியர்க்கான பயிற்சியகம் ஒன்று எழுந்தது. லியோன் நகரில் சார்ல் தெமியா என்ற குரு இத்தகைய முயற்சியில் முன்னரே இறங்கியிருந்தார். இருவரும் தங்கள் பயிற்சியகத்திற்கு இட்டு வழங்கிய பெயர், குருமடத்தைக் குறிக்கும் 'செமினேர்' என்ற சொல்லே. அதன் இலத்தீன் மூலத்திற்கு நாற்றங்கால் என்பது பொருள். 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் குருக்களுக்கென நாற்றங்கால்களை நிறுவப் பணித்தது. ஆன்மாக்களைப் பேணுபவருக்குத் தேவைப்பட்ட அந்நாற்றங்கால், பிள்ளைகளைப் பேணுபவருக்கும் தேவை என்பதை இக்குருக்கள் உணர்ந்தனர்.

அங்கே இளைஞர்கள் வாசிப்பு, எழுத்து, கணக்கு, திருவழிபாட்டுப் பாடல் ஆகியவற்றைக் கற்றனர். மெய்யான வகுப்பில், மூத்தவர் ஒருவரின் பார்வையில், கற்பித்தும் பழகினர். தாய்மொழியாகிய பிரெஞ்சில் முதலில் வாசிப்பது, பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து ஒருசேரக் கற்பிப்பது ஆகிய முறைகள் இப்பள்ளிகளால் வேரூன்றின. சகோதரர்களின் பட்டறிவைத் திரட்டி உருவான பள்ளி நடத்தை நூல், 1706ஐ ஒட்டிக் கையெழுத்துப் படியாக வழங்கி, 1720இல் அவிஞ்ஞோன் நகரில் அச்சேறியது. புதிய ஆசிரியரை உருவாக்குவது பற்றி அக்கையெழுத்துப் படி தரும் நெறி எளியது: இருக்கக்கூடாததை முதலில் களைக, இல்லாததைப் பின்னர் நடுக. களைய வேண்டியவற்றில் ஓயாது பேசும் ஆவல், பரபரப்பு, கடுமை, சில பிள்ளைகளிடம் மட்டும் பரிவு காட்டல் ஆகியவை அடங்கும். கற்றறிவு மட்டுமே ஒருவரை ஆசிரியராக்கிவிடாது என்பதை இப்பட்டியலே உணர்த்துகிறது.

ஆனால் அவர் நட்டவை யாவும் அவர் கண்முன்னே தழைக்கவில்லை. பாரிசின் எழுத்தாசிரியர் சங்கத்தார் வழக்குத் தொடுத்தனர். தீர்ப்பும் அவருக்கு எதிராகவே அமைந்தது. ரேம்சிலும் பாரிசிலும் தொடங்கிய பயிற்சியகங்கள் அவர் வாழ்நாளிலேயே மூடப்பட்டன. 1719ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று ரூவான் நகரில் அவர் இறைவனடி சேர்ந்தார். 1900இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் அவரைப் புனிதராக உயர்த்தினார். 1950இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அவரை ஆசிரியர் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாமலே பள்ளி நடத்த முடியாதா என்ற வினாவும் வரலாற்றில் எழாமலில்லை. அதற்கு நம் சென்னை ஒரு விடை தந்தது. எழும்பூரில் 1789இல் தொடங்கப்பட்ட அநாதைச் சிறுவர் இல்லத்தை மேற்பார்த்த ஆங்கிலிக்கக் குரு ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த மாணவரைக் கொண்டே இளையவர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் இல்லத்தில் கையாண்டார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை பார்த்துவந்த வேலை அது. 1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட நூலால் அது 'சென்னை முறை' எனப் புகழ்பெற்றது. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோர்க்குப் பாடம் நடத்தலாம், செலவும் குறைவு. ஆனால் சட்டாம்பிள்ளை தான் நேற்றுக் கற்றதையே இன்று ஒப்பிக்க முடியும். பிள்ளைக்கு ஏன் புரியவில்லை என்று அவனால் ஆராய இயலாது. 1846இல் இங்கிலாந்து அரசே ஆசிரியப் பயிற்சிக்கு ஊக்கமளிக்கத் தொடங்கியது. சென்னையில் 1856இல் அரசின் 'நார்மல் பள்ளி' தோன்றியது. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாகப் பின்னர் வளர்ந்தது அதுவே. 'நார்மல்' என்னும் சொல்லின் இலத்தீன் மூலம் தச்சரின் மூலைமட்டத்தைக் குறிப்பது. நல்ல மட்டத்தில் வைத்துப் பார்க்கப்படாத கதவு நிலையில் பொருந்தாது என்பதை எந்தத் தச்சரும் அறிவார்.

இன்று ஆசிரியப் பயிற்சிக்குப் பட்டயமும் பட்டமும் உள்ளன. பி.எட். படிப்பு 2015இல் இரண்டாண்டுகளாக நீட்டவும் பட்டது. ஆயினும் காலத்தை நீட்டினால் மட்டும் பயிற்சி ஆழமாகிவிடுமா? பாடக்குறிப்பேட்டைப் பிறர் ஏட்டைப் பார்த்து நிரப்பி, விளக்கப்படங்களைக் கடையில் வாங்கி, கற்பித்தல் பயிற்சி நாள்களை எண்ணிக் கழித்துப் பெறும் சான்றிதழ், நாற்றைப் பிடுங்காமலே நட்டதாகக் கணக்கெழுதுவது போன்றது. பயிற்சிக்கு வரும் இளைஞரைத் தம் வகுப்பின் ஓரத்தில் அமர்த்தி, பார்த்து, திருத்தி, மீண்டும் நிற்கவைக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் வாய்த்தால், அதுவே நாற்றங்கால்.

பள்ளிகளை நடத்துவோர்க்கும் இவ்வரலாற்றில் ஒரு சொல் உண்டு. ரேம்சு ஆசிரியர்கள் அன்று கூறிய மறுமொழி இன்றும் பழமையடையவில்லை. குறைந்த ஊதியத்தில் நிற்கும் இளம் ஆசிரியரிடம் அர்ப்பணத்தைப் பற்றி உரையாற்றுமுன், அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்பது நலம். தெ லா சால் அதைக் கேட்டறிந்த பின்னரே கற்பித்தார்.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ ஆசிரியராக விரும்புவதாகச் சொன்னால், வேறு வேலை கிடைக்காதா என்று கேளாதீர்கள். அதற்கு நீ என்னவெல்லாம் களைய வேண்டும், என்னவெல்லாம் நட வேண்டும் என்று கேளுங்கள். அக்கேள்வியோடு பயிற்சிக்குச் செல்பவரே நாளை நம் பிள்ளைகளின் முன் நிற்கத் தகுதியுடையவர்.