பொய்க்காலின் மெய்க்கதை

புனே என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பேஷ்வாக்களின் சனிவார் வாடாவும், பர்வதிக் குன்றும், திலகர் பெருமானின் கேசரிப் பத்திரிகையுமாம். இந்நகரின் ராணுவக் குடியிருப்புப் பகுதியில் அமைந்துள்ள செயற்கை உறுப்பு நிலையத்தை, இங்கே பல்லாண்டுகளாக வாழும் தமிழன்பர்களுள்ளும் அறிந்தவர் சிலரே. இரண்டாம் உலகப் போரில் கை கால் இழந்த இந்திய வீரர்களுக்காக 1944-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது அந்நிலையம். பின்னாளில் பொதுமக்களுக்கும் அதன் கதவு திறந்தது. முதல் உலகப் போரில் ஊனமுற்ற வீரர்களுக்குத் தொழில் கற்பிக்க 1917-இல் பம்பாயில் தொடங்கப்பட்ட ராணி மேரி தொழிற்பள்ளியும் பிறகு புனேயை அடுத்த கட்கிக்கு இடம் பெயர்ந்தது. ஆகவே, இழந்த காலைப் பற்றிப் பேசுவதற்கு இவ்வூர் மிகப் பொருத்தமான ஊர்தான்.

செயற்கைக் கால் இன்று நேற்றுத் தோன்றிய எண்ணம் அன்று. போரில் காலிழந்த விஸ்பலை என்னும் பெண்ணுக்கு அசுவினி தேவர்கள் உலோகக் கால் பொருத்திய செய்தியை ரிக்வேதம் கூறுகிறது. நம் சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்று கொற்றவையின் மரக்காலாடல். பாம்பும் தேளுமாக உருமாறி வந்த அவுணரை மரக்கால் மீது நின்று மிதித்தாளாம் தேவி. அது ஊனத்தை ஈடு செய்த கால் அன்று. ஆயினும் மரத்தைக் காலாக்கி, அதன்மேல் நின்று ஆடவும் முடியும் என்ற கற்பனை நம் முன்னோருக்கு இருந்தது என்பது மகிழ்ச்சிக்குரியது.

கற்பனை எளிது, நடப்பது அரிது. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ரண வைத்தியர் அம்புருவாஸ் பாரே முழங்காலில் மடங்கும் கால் ஒன்றை அமைத்தார். அவருக்குப் பின் இக்கலை வளர்ந்த வரலாற்றை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மாற்றங்கள் பலவற்றைச் செய்தவர்கள், காலை இழந்து, கொடுத்த காலால் திருப்தியுறாதவர்களே.

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் காலிழந்த ஜேம்ஸ் ஹாங்கர் என்னும் இளைஞர், தமக்குக் கிடைத்த மரக்கட்டையை வெறுத்து, பீப்பாய்ப் பலகைகளைச் செதுக்கி, முழங்காலும் கணுக்காலும் அசையும் கால் ஒன்றைத் தாமே செய்து கொண்டார். 1913-இல் விமான விபத்தில் காலிழந்த ஆங்கிலேயர் மார்செல் டெசூட்டர், மரக்காலின் பாரம் தாங்காது வருந்தினார். அவர் தம்பி அலுமினியத்தால் இலேசான கால் ஒன்றைச் சமைத்துக் கொடுத்தார். 1976-இல் ஒரு பாதம் இழந்த அமெரிக்க மாணவர் வான் பிலிப்ஸ், கரிம இழையால் வளைந்து மீளும் பாதத்தை உருவாக்கினார். ஓட்டப் பந்தய வீரர்கள் இன்று அணியும் வில் போன்ற கால் அந்த வழியில் வந்ததே.

நம் நாட்டிலும் இதே கதைதான். மேலைநாட்டுக் கால் நாற்காலியில் அமர்பவனுக்கும் பூட்ஸ் அணிபவனுக்கும் ஆனது. நம் குடியானவனோ தரையில் சம்மணமிட்டு உண்பான், குந்தி அமர்வான், சேற்றில் வெறுங்காலுடன் இறங்குவான், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவான். ஆகவே கொடுத்த காலை அவன் மூலையில் சார்த்திவிட்டு ஊன்றுகோலை எடுத்துக் கொண்டான். ஜெய்ப்பூரில் டாக்டர் பிரமோத் கரண் சேத்தி இதனைக் கண்டார். ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞர் துணையுடன், 1968-இல், வல்கனைஸ் செய்த ரப்பரால் ஒரு பாதம் உருவாயிற்று. அது எல்லாப் பக்கமும் வளையும், நீரில் நனையும், பார்வைக்கும் பாதமாகவே தோன்றும். 1981-இல் சேத்திக்கு மக்சேசே விருது கிடைத்தது. 1975-இல் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங்க் சகாயதா சமிதி என்னும் அறநிறுவனம் இக்காலை ஏழைகளுக்கு இலவசமாக வழங்கி வருகிறது.

1971-ஆம் ஆண்டு வங்காளப் போரில் கண்ணிவெடியில் கால் சிதைந்த கூர்க்காப் படை அதிகாரி இயான் கார்டோசோ, தம் குக்ரியாலேயே அக்காலை வெட்டி எறிந்தவர். செயற்கைக் காலுடன் மீண்டும் தகுதி காட்டி, பட்டாளம் ஒன்றுக்கும் பின்பு பிரிகேடு ஒன்றுக்கும் தலைமை தாங்கினார். அதே 1981-இல், தமிழ்நாட்டில் நேர்ந்த விபத்தில் வலக்காலை இழந்த பம்பாய் நடன மாது சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் காலணிந்து மீண்டும் பரதநாட்டிய மேடை ஏறினார். இவர்களைப் போற்றுகிறோம். ஆனால், காலை மாட்டிய மறுநாளே இவர்கள் நடந்துவிட்டதாக எண்ணுவது பிழை. இடையில் மாதக்கணக்கான வலியும் பயிற்சியும் இருந்தன.

அந்த இடைக்காலம் எத்தகையது என்பதை நான் நேரில் கண்டேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, கட்கித் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற அண்டைவீட்டுப் பெரியவர் ஒருவர். அண்ணாச்சி என்றே அழைப்பேன். நீரிழிவு நோயால் அவருடைய இடக்காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. முதலில் ஒரு கடையில் விலையைக் கேட்டு, உள்ளதில் உயர்ந்த பாதத்தையே வாங்கினார். இரண்டே வாரத்தில் அது பரண் ஏறியது.

“எவ்வளவு விலை கொடுத்தாலும் என் காலாகுமா, தம்பி?” என்றார்.

குறை விலையிலும் இல்லை, பாதத்திலும் இல்லை. எஞ்சிய காலை ஏந்தும் கிண்ணமே செயற்கைக் காலின் உயிர்நிலை. அது சரியாக அமையாவிடில், கணினி இயக்கும் பல லட்ச ரூபாய்க் காலும் வீண். அன்றியும், அறுவைக்குப் பின் எஞ்சிய கால் பல மாதங்கள் வீக்கம் வற்றிச் சுருங்கிக் கொண்டே வரும். முதலில் செய்த கிண்ணம் தளர்ந்து போவது இயற்கை. உறை மேல் உறை அணிந்து சமாளித்து, பின்பு புதுக்கிண்ணம் செய்து கொள்ள வேண்டும். இதை அண்ணாச்சிக்கு யாரும் சொல்லவில்லை.

வேறொரு கூடத்துக்கு அவருடன் நானும் சென்றேன். மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. ஆயினும் அன்றைக்குப் போல் அத்தொழில் எனக்குக் கடினமாக இருந்ததில்லை. கடையில் பேரம் பேசுமளவு மராத்தியும், மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்குமளவு இந்தியும் அண்ணாச்சி அறிவார். வலியைச் சொல்லவோ அவருக்குத் தமிழ் ஒன்றே வாய்த்திருந்தது. உறுத்துகிறது என்றார், எரிகிறது என்றார், விண்விண்ணென்று தெறிக்கிறது என்றார், இல்லாத பாதத்தில் அரிக்கிறது என்றும் சொல்லிக் கூசினார். எல்லாவற்றையும் ‘தர்த்’ என்னும் ஒரே சொல்லில் அடக்க முயன்றேன். அந்தத் தொழில்வல்லுநர் விடவில்லை. “எந்த மாதிரி வலி?” என்று மீண்டும் மீண்டும் கேட்டார். பிறகே எனக்கு விளங்கிற்று. உறுத்தினால் எலும்பின் மேல் கிண்ணம் அழுத்துகிறது. அவ்விடத்தைக் குடைய வேண்டும். எரிந்தால் கிண்ணம் தளர்ந்து தோல் உராய்கிறது. விண்விண்ணென்றால் வீக்கமோ நரம்போ எனப் பார்க்க வேண்டும். இல்லாத காலில் அரிப்பதோ மூளையின் பழைய நினைவு, பாரே காலத்திலேயே குறித்து வைக்கப்பட்டது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்று முறை கிண்ணம் திருத்தப்பட்டது. நீரிழிவால் உணர்ச்சி மங்கியவர் புண் வந்தாலும் அறியார். ஆகையால், நாள்தோறும் மாலையில் கண்ணாடி வைத்து எஞ்சிய காலையும், அதைவிடக் கவனமாக மற்றைப் பாதத்தையும் பார்க்கும்படி அவ்வல்லுநர் அறிவுறுத்தினார். இன்று அண்ணாச்சி கிண்ணத்தைக் கழுவித் துடைத்த பின்னரே இரவு உணவுக்கு அமர்கிறார். தரையில் அமர முடிவதில்லை; அக்குறை அவருக்கு உண்டு. காலையில் பால் வாங்கத் தாமே கடைக்கு நடந்து செல்கிறார்.

ஹாங்கர் மரக்கட்டையை வெறுத்திராவிடில், ராஜஸ்தானத்துக் குடியானவன் பூட்ஸ் காலை மூலையில் சார்த்தியிராவிடில், இக்கலை வளர்ந்திராது. அணிபவர் வாய் திறந்தால்தான் செய்பவர் கை திருந்தும். வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவருள், பாஷை தெரியவில்லையே என்று வலியை விழுங்கி, காலைப் பரணில் ஏற்றியவர் இருக்கக்கூடும். அத்தகையவர் உங்கள் தெருவில் இருந்தால், ஒரு நாள் விடுப்பெடுத்து உடன் செல்லுங்கள். அவர் சொல்லும் வலியை அவர் சொன்னபடியே எடுத்துச் சொல்லுங்கள்.