ஊர்ப்பெயரும் ஆங்கில எழுத்தும்: குன்றாண்டார்கோவில் முதல் ஹெல்சின்கி வரை

ஓர் ஊரின் பெயர் அவ்வூர் மக்களின் நாவில் வாழ்கிறது. அதையே வேற்றுமொழி எழுத்தில் எழுதும்போது அயலார் வேறு விதமாகப் படிக்கிறார்கள். நாளடைவில் அந்தப் படிப்பே இரண்டாவது பெயராக நிலைத்துவிடுவதும் உண்டு. தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்கள் ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதப்பட்டன, அதனால் எழுந்த சிக்கல்கள் எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குன்றாண்டார்கோவில்

புதுக்கோட்டை மாவட்டத்தின் பதின்மூன்று ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று குன்றாண்டார்கோவில். இங்குள்ள குடைவரைச் சிவன் கோயில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தேர் போல் சக்கரங்களும் குதிரைகளும் செதுக்கப்பட்ட மண்டபத்தைக் காண இன்றும் பலர் வருகின்றனர். குன்றை ஆண்டவர் குன்றாண்டார். அவருடைய கோயிலே ஊருக்குப் பெயராயிற்று.

இப்பெயர் தமிழில் தெளிவாக இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் குழப்பம். ‘ன்ற’ என்னும் ஒலியைச் சிலர் ‘என்-ஆர்’ என்றும், சிலர் ‘என்-டி-ஆர்’ என்றும், அரசு ஆவணங்கள் பெரும்பாலும் ‘என்’ எழுத்தை இரட்டித்தும் எழுதுகின்றன. ஈற்றுச் சொல்லைக் கோவில் என்றும் எழுதலாம், கோயில் என்றும் எழுதலாம். தமிழில் இரண்டும் சரியே. ஆங்கிலத்திலும் இரண்டு வடிவங்கள் உள்ளன. மூன்றையும் இரண்டையும் பெருக்கினால் ஓர் ஊருக்கு ஆறு எழுத்து வடிவங்கள்!

‘என்’ இரட்டித்த வடிவம் பிழையானதன்று. கன்று பேச்சில் ‘கன்னு’ ஆவது போல, குன்றும் ‘குன்னு’ ஆகிறது. மலையாளத்தில் எழுத்து வழக்கிலேயே அது குன்னுதான். ஆகவே அந்த ஆங்கில வடிவம் மக்களின் பேச்சொலியை ஒட்டியது. ‘என்-டி-ஆர்’ வடிவம் எழுத்துத் தமிழை ஒட்டியது. சிவகங்கை மாவட்டத்துக் குன்றக்குடி இதற்கு நல்ல சான்று. அவ்வூர் ஆதீனத் தலைவரைக் குன்றக்குடி அடிகளார் என்கிறோம். அதே ஊர்ப்பெயரைத் தாங்கிய வயலின் கலைஞரைக் குன்னக்குடி வைத்தியநாதன் என்கிறோம்.

ஆங்கில எழுத்துகளின் குறை

ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்ற ஒழுங்கு இல்லை. ‘யு’ என்னும் எழுத்து ஒரு சொல்லில் உகரமாகவும் இன்னொன்றில் அகரமாகவும் ஒலிக்கும். எனவே நம் ஊரை முதன்முறை படிக்கும் ஆங்கிலேயர் ‘கன்னந்தர்காயில்’ என்று சொன்னால் வியப்பில்லை. குறில் நெடில் வேறுபாடும் ‘ண்ட’ ஒலியும் அதில் மறைந்துவிடுகின்றன.

தமிழுக்கென்றே சில இடர்ப்பாடுகளும் உண்டு. தகரத்தையும் டகரத்தையும் பிரித்துக்காட்ட நாம் தகரத்துக்கு ‘டி’யுடன் ‘எச்’ சேர்க்கிறோம். வட இந்தியரோ ‘எச்’ சேர்ந்தால் அதை மூச்சு மிகுந்த ஒலியாகக் கொள்வர். ழகரத்துக்கு நேர் எழுத்தே இல்லை. ‘தமிழ்’ என்னும் சொல்லையே ‘எல்’ இட்டு முடிக்கும் நிலைதான் உள்ளது.

பழைய ஆங்கில வடிவங்கள்

ஐரோப்பியர் நம் ஊர்களின் பெயர்களைத் தம் காதில் விழுந்தபடி எழுதினர். தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆயிற்று. திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ ஆயிற்று. 1620-இல் டேனியர் கோட்டை கட்டிய தரங்கம்பாடி ‘டிராங்குபார்’ ஆயிற்று. சென்னையின் எழும்பூரை ‘எக்மோர்’ என்று இன்று தமிழரே சொல்லக் கேட்கிறோம். எழுத்தின் செல்வாக்கு அத்தகையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் வில்சன் ஹன்டர் இதற்கு ஓர் ஒழுங்கு தர முயன்றார். இந்திய எழுத்து ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட உரோம எழுத்தை அவர் முறை வகுத்தது. நெடுங்காலம் வழங்கிய பெயர்களை மட்டும் மாற்றாமல் விட்டது. விடுதலைக்குப் பின் மக்கள் வழக்கில் இருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக ஆங்கிலத்திலும் இடம்பெற்றன. 1996-இல் ‘மெட்ராஸ்’ சென்னை ஆயிற்று. ஆயினும் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆங்கிலப் பெயரில் ‘மெட்ராஸ்’ இன்னும் தொடர்கிறது.

2020 அரசாணை

2020 ஜூன் மாதத்தில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்து வடிவத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளிவந்தது. நோக்கம் நல்லது. ஆனால் வேலூருக்குத் தரப்பட்ட வடிவம் பெரும் விவாதத்துக்கு உள்ளானது. அதில் ஏகாரத்துக்கு ‘ஈ’ எழுத்தும் ஊகாரத்துக்கு ‘ஓ’ எழுத்தும் இரட்டிக்கப்பட்டிருந்தன. இரட்டை ‘ஓ’வை ஆங்கில வழக்கப்படி ‘ஊ’ என்று படிக்க வேண்டும். இரட்டை ‘ஈ’யை மட்டும் அவ்வழக்கை விட்டு ‘ஏ’ என்று படிக்க வேண்டும். ஒரே சொல்லுக்குள் இரண்டு விதிகள்! இயல்பாகப் படிப்பவருக்கு வேலூர் ‘வீலூர்’ ஆகிவிடும். ஜூன் 18-இல் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

பின்லாந்தின் அனுபவம்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. பின்லாந்து 1809 வரை சுவீடன் ஆட்சியின் கீழ் இருந்தது. அதனால் அந்நாட்டுத் தலைநகருக்கு ஹெல்சின்கி என்னும் பின்னியப் பெயருடன் ஹெல்சிங்போர்ஸ் என்னும் சுவீடியப் பெயரும் உண்டு. பழைய ஆங்கில நூல்களில் இரண்டாவது பெயரே மிகுதி; இன்று ஆங்கிலத்தில் ஹெல்சின்கியே வழக்கம். பின்னிய மொழியில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும். ஆங்கிலம் பேசுவோரில் சிலர் இப்பெயரின் இரண்டாம் அசையை அழுத்திச் சொல்கின்றனர்.

தலைநகரை அடுத்த எஸ்போ நகரின் பெயர் இரட்டை ‘ஓ’வில் முடிகிறது. பின்னியத்தில் எழுத்தை இரட்டித்தால் அதே ஒலி நீளும். ஆகவே அது ஓகாரம். ஆங்கிலப் பழக்கத்தில் படிப்பவர் ‘எஸ்பூ’ என்று சொல்லக்கூடும். அதற்காகப் பின்னியர் எழுத்தை மாற்றவில்லை. அவர்களுடைய விதி ஒன்றே. அதை அறிந்தவர் சரியாகப் படிக்கிறார்.

செய்யத் தக்கது

பள்ளிச் சான்றிதழில் ஒரு வடிவம், குடும்ப அட்டையில் வேறொரு வடிவம் என்று ஊர்ப்பெயர் மாறினால் மாணவர்கள்தாம் அலைய நேரிடும். இணையத்தில் தேடும்போதும் ஓர் ஊரின் செய்திகள் பல பெயர்களில் சிதறிக் கிடக்கும். எந்த எழுத்துமுறையாலும் தமிழ் ஒலியை முழுமையாக ஆங்கிலத்தில் காட்ட இயலாது. எனவே எல்லா ஊர்களுக்கும் பொதுவான ஒரே விதியை வகுத்து, ஓர் ஊருக்கு ஒரே வடிவத்தை எல்லா ஆவணங்களிலும் பின்பற்றுவதே பயன் தரும். அதன் அருகில் தமிழ்ப் பெயரையும் எழுதிவிட்டால் சரியான ஒலிப்புக்கு அதுவே சான்றாக நிற்கும். குன்று, குன்றை ஆண்டார், அவர் கோவில் என்று பெயரைப் பிரித்துப் பொருளறிந்த மாணவர், ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருந்தாலும் தம் ஊர்ப்பெயரைப் பிழையின்றிச் சொல்வார்.