"எம்மிடம் இல்லை" என்ற விடை

அரசாங்கம் எழுதி வைத்துள்ள ஏடுகளைக் குடிமக்கள் கேட்டுப் பெறலாம் என்பது இன்று பல நாடுகளில் சட்டமாகியுள்ளது. சுவீடன் நாடு இவ்வுரிமையை 1766ஆம் ஆண்டிலேயே வழங்கியது. பிரிட்டனிலோ, 2000ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தகவல் உரிமைச் சட்டம் 2005 ஜனவரி முதல் நாளில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கேட்கப்படும் செய்தி தன்னிடம் உண்டா, இல்லையா என்பதை ஓர் அரசுக் காரியாலயம் பொதுவாக 20 வேலை நாள்களுக்குள் அறிவித்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. ஆயின், "இல்லை" என விடை வந்தால், அது மெய்தானா என அறிவது எங்ஙனம்? பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சின் வரலாற்றில் இதற்குத் தக்கதொரு சான்று உண்டு.

எரித்தவையும் எடுத்துச் சென்றவையும்

1957இல் மலாயா சுதந்திரம் பெற்ற காலத்தில், கோலாலம்பூரிலிருந்த ஆவணங்கள் பல லாரிகளில் ஏற்றப்பட்டுச் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கிருந்த எரியுலையில் சாம்பலாயின. 1961இல் காலனி நாடுகளுக்குப் பொறுப்பான அமைச்சர் இயான் மக்லியோட் இவ்வழக்கத்துக்குப் பொதுநெறி வகுத்தார். பிரிட்டிஷ் அரசுக்குத் தலைகுனிவு தரக்கூடியனவும், போலீசாருக்கும் ஒற்றர்களுக்கும் இடர் விளைக்கக்கூடியனவும் புதிய அரசுகளின் கைக்குப் போகலாகாது என்பதே அந்நெறி.

கென்யாவில் இது மிக நுட்பமாக நடந்தேறியது. மறைக்கத்தக்க கோப்புகளுக்குத் தனி முத்திரை இடப்பட்டது. ஐரோப்பிய வழிவந்த பிரிட்டிஷ் அதிகாரிகளே அவற்றைத் தொடலாம். எரித்தால் சாம்பலையும் நொறுக்க வேண்டும். கடலில் இட்டால், பெட்டிக்குக் கனம் சேர்த்துக் கரைக்கு அப்பால் ஆழத்தில் அமிழ்த்த வேண்டும். இவ்வாறெல்லாம் கட்டளைகள் எழுத்திலேயே பிறந்தன! 1963இல் சுதந்திரம் பெறுமுன் சுமார் 1,500 கோப்புகள் இங்கிலாந்து சென்றன. 1967இல் கென்ய அரசு அவற்றைத் திருப்பிக் கேட்டது, பிரிட்டன் மறுத்துவிட்டது.

பட்டியலில் இல்லாத பெட்டிகள்

1958ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டப்படி, அமைச்சுகள் தம் பழைய ஏடுகளில் காக்கத்தக்கவற்றை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புதல் வேண்டும். இக்கோப்புகளோ, "காலனி அரசுகளுக்கு உரியனவா, அமைச்சுக்கு உரியனவா" என்ற ஐயத்திலேயே கிடந்தன. உரிய நாட்டுக்கும் அவை செல்லவில்லை, காப்பகத்துக்கும் செல்லவில்லை. இறுதியில் ஹான்ஸ்லோப் பார்க் என்னும் அரசு வளாகத்தில் அடைபட்டன.

மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்தில் தடுப்பு முகாம்களில் வதைபட்ட கென்ய முதியவர்கள் சிலர் 2009இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவர்தம் தரப்பினர் தகவல் உரிமைச் சட்டத்தின் வழி ஆவணம் கேட்டபோது, அமைச்சு "எம்மிடம் இல்லை" என்றே விடை கூறிற்று. ஆனால், கோப்புகள் கென்யாவைவிட்டு வெளியேறிய செய்தியை வேறு கடிதங்களில் கண்டிருந்த வரலாற்றாசிரியர் டேவிட் ஆண்டர்சன், 2010இல் அதனை நீதிமன்றத்துக்கு அளித்த வாக்குமூலத்தில் எடுத்துரைத்தார். அதன்பின் நடந்த தேடலில் பெட்டிகள் வெளிப்பட்டன. 37 முன்னாள் காலனிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 8,800 கோப்புகள் தம்மிடம் இருப்பதை 2011 ஏப்ரலில் அரசு பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 2013 ஜூனில், கென்யர்கள் வதைக்கப்பட்டமைக்கு வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் வருத்தம் தெரிவித்தார். 5,228 பேருக்காக, வழக்குச் செலவு உட்பட, 1 கோடியே 99 இலட்சம் பவுன் வழங்க அரசு இசைந்தது.

பெறத்தகும் பாடம்

2012 முதல் அக்கோப்புகள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் திறந்துவிடப்பட்டன. மலாயா, சிங்கப்பூர்க் கோப்புகளும் அவற்றுள் அடங்கும். சிங்கப்பூரில் ஏடுகள் எரிந்த செய்தியை நாம் அறிந்ததும் அக்கோப்புகளின் வாயிலாகவே.

கேட்கும் உரிமையைச் சட்டம் தரலாம். ஆனால், கையிருப்பின் முழுப் பட்டியல் இல்லாத காரியாலயம் நேர்மையாக விடை சொல்ல முயன்றாலும் பிழையாகவே சொல்லும். வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு உணர்த்துதல் நன்று. ஆவணம் இல்லை என்பதால் நிகழ்ச்சியே இல்லை என்று துணியலாகாது. அது எங்கே எழுதப்பட்டது, எவர் கைக்கு மாறியது, எப்போது மறைந்தது என வினவுதலே ஆராய்ச்சியின் முதற்படியாகும்.