செவிலியம்: ஊசியும் மாத்திரையும் மட்டுமா?

மருத்துவமனையில் ஒருவர் படுத்திருந்தால், மருத்துவர் வந்து பார்ப்பது சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் அருகில் இருப்பவர் செவிலியர். அவருடைய பணி எந்தச் சிந்தனையின் மீது நிற்கிறது? வெளியூர்த் தொழிலாளர்கள் நிறைந்த திருப்பூரை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

ஆளில்லாதவருக்குத் துணை

இஸ்லாமிய வரலாற்றில் முதல் செவிலியராக அறியப்படுபவர் அஸ்லம் குலத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி). ஹிஜ்ரி 5-ல் நடந்த அகழ்ப் போரில் அம்பு பாய்ந்த ஸஅத் பின் முஆத் (ரலி), சிகிச்சைக்காக இவரது கூடாரத்தில்தான் வைக்கப்பட்டார்கள். காயங்களுக்கு மருந்திட்டதோடு, கவனிக்க ஆளில்லாதவர்களுக்குப் பணிவிடை செய்வதையும் இவர் நன்மையை நாடி ஏற்றிருந்தார் என இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுகிறார்.

அமெரிக்கச் செவிலியர் வர்ஜீனியா ஹெண்டர்சன் 20ஆம் நூற்றாண்டில் தந்த விளக்கமும் இதற்கு நெருக்கமானதே. வலிமையும் மன உறுதியும் அறிவும் இருந்தால் ஒருவர் தாமே செய்துகொள்ளும் காரியங்களுக்கு உதவுவதும், விரைவில் அவரைச் சொந்தக் காலில் நிற்க வைப்பதுமே செவிலியம் என்றார். மூச்சு, உணவு, உறக்கம் முதல் வழிபாடு, வேலை வரை 14 தேவைகளை அவர் வரிசைப்படுத்தினார்.

ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், உடன் தங்கியிருப்பவர்கள் ஷிப்டுக்குப் போன பிறகு கஞ்சி வைத்துத் தர அறையில் யாருமில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது ‘நேரத்துக்குச் சாப்பிடுங்கள்’ என்று சொன்னால் போதாது. சமைப்பது யார் என்றும் கேட்க வேண்டும்.

சூழலும் நோயும்

1860-ல் லண்டனில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், தூய காற்று, வெளிச்சம், சுத்தமான நீர், வடிகால் ஆகியவற்றைச் செவிலியரின் அக்கறைக்குள் கொண்டுவந்தார். பஞ்சுத்தூசியால் வரும் பிஸினோசிஸ் இதற்கு நல்ல உதாரணம். வார விடுமுறை முடிந்து ஆலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது இதன் அடையாளம். ஸ்பின்னிங் மில் தொழிலாளி இருமலோடு வந்தால், ‘எந்த நாளில் அதிகம்?’ என்ற ஒரு கேள்வி நோயின் காரணத்தைக் காட்டிக்கொடுக்கலாம். அதைக் கேட்காமல் மருந்து மட்டும் கொடுத்தனுப்பினால், அவர் மீண்டும் அதே தூசிக்குள்தான் போவார்.

மொழியும் பண்பாடும்

நோயாளியின் பண்பாட்டை அறியாமல் நல்ல பராமரிப்பு இல்லை என்றார் மானுடவியலும் கற்ற செவிலியர் மேடலின் லெய்னிங்கர். தமிழ் தெரியாதவர் தலையாட்டினாலே புரிந்துவிட்டது என்று பொருளல்ல. மாத்திரை வேளையை அவரையே திரும்பச் சொல்லவைப்பது பாதுகாப்பு. நோன்பு நாளில் மருந்து வேளையை எப்படி அமைப்பது என்று மருத்துவரிடம் கேட்டுச் சொல்வதும் இதில் அடங்கும்.

இனம், மதம், மொழி பார்த்துப் பராமரிப்பு மாறக்கூடாது என்பது சர்வதேச செவிலியர் பேரவையின் நெறிமுறை. அதன் முதல் வடிவம் 1953-ல் ஏற்கப்பட்டது. ஊர் விட்டு வந்து தனியாகப் படுத்திருக்கும் தொழிலாளிக்கு, அந்த நெறிமுறை செவிலியரின் கையில்தான் உயிர் பெறுகிறது.